பழைய லேப்டாப்புக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும்: மலை இறங்குவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்

என் லேப்டாப் 2015ல் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜி.பி. ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி), 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட் ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். காலையில் பவர் பட்டனை அழுத்திவிட்டு, அடுப்பில் டீ வைத்து, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் டேலி என்ற கணக்கு மென்பொருள் திறந்திருக்காது. புதிது வாங்க நாற்பதாயிரம் இல்லை. கூடுதல் ரேமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி.யும் போட்டால் போதும், ஐயாயிரத்தில் முடியும் என்றார்கள். முடிந்தது. ஆனால் அந்த ஒரு ரேமுக்காக மூன்று தடவை கோயம்புத்தூர் போய் வந்தேன், நடுவில் மண்சரிவால் ரோடு மூடி ஒன்பது நாள் காத்திருந்தேன்.

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, தவறாக வாங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மாற்றி வந்துவிடுவார்கள். நமக்கு ஒரு தவறு என்றால் ஒரு நாள் போச்சு, பஸ் செலவும் மதியச் சாப்பாடும் சேர்ந்து முந்நூறு ரூபாயும் போச்சு. அதனால் வாங்குவதைவிட, வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைத்தான் இதில் நிறைய எழுதியிருக்கிறேன்.

1. முதலில் நோய் எதுவென்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், நீங்கள் தினமும் செய்யும் வேலையை அப்படியே செய்யுங்கள். டேலி, எக்செல், பிரவுசரில் நாலு டேப், எது வழக்கமோ அது. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். மெமரி 85, 90 என்று ஏறி இறங்காமல் நின்றால் ரேம் போதவில்லை. பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், அந்த டிஸ்க்கோ ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி.யை முதலில் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஊசி சுழலும் தட்டின் மேல் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஓடுவதற்கே ஒன்றும் கிடையாது. வித்தியாசம் முதல் ஸ்டார்ட்டிலேயே தெரியும். 2 ஜி.பி. ரேம் மட்டும் உள்ளவர்கள் இதற்கு விதிவிலக்கு, அவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் நிம்மதி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இன்றைக்கே முக்கியமான கோப்புகளை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அப்படிப்பட்ட டிஸ்க்கை க்ளோன் செய்ய, அதாவது அப்படியே பிரதி எடுக்க, உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்று. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் அது கண்டுகொள்ளாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் 32ஆ 64ஆ என்று எழுதியிருக்கும். 32 என்றால் விண்டோஸையும் புதிதாகத்தான் போட வேண்டும்.

2. கடைக்குப் போகும் முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2' என்று காட்டியது. ஆக, ஒரு இடம் காலியாக இருக்கிறது, இன்னொரு 4 ஜி.பி. வாங்கி மாட்டினால் 8 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, கீழே போய் 4 ஜி.பி. ரேம் வாங்கி வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் ஸ்லாட் ஒன்றுதான். இரண்டாவதுக்கு போர்டில் இடம் மட்டும் விட்டிருக்கிறான், ஸ்லாட்டைப் பொருத்தவில்லை. டாஸ்க் மேனேஜர் சொல்வது பல சமயம் சரியாக இருக்கும், எப்போதும் அல்ல.

அதே இடத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மெல்லிய லேப்டாப்களில் இது சகஜம். பற்றவைத்ததோடு கூடுதலாக ஒரு ஸ்லாட் இருக்கும் மாடல்களும் உண்டு, அதையும் திறந்தால்தான் தெரியும்.

திறப்பது எப்படி: ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி வெளியே கழற்றும் வகை என்றால் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 15 அல்லது 20 நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் வகை என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவதுதான். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. நீளமானதைக் குட்டையானதின் ஓட்டையில் போட்டு முடுக்கினால் மறுபக்கம் கைவைக்கும் இடத்தில் புடைத்துக்கொண்டு வரும். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அங்கேயே குத்தி வையுங்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். டிவிடி டிரைவ் இருந்தால் அதை உருவிய பிறகு அதன் பின்னால் ஒன்றிரண்டு இருக்கும். எல்லாம் கழற்றிய பிறகும் மூடி வரவில்லை என்றால் ஏதோ ஒரு ஸ்க்ரூ பாக்கி, பலம் போடாதீர்கள். என் அக்கா பையன் அப்படித்தான் கத்தியை விட்டு நெம்பி இரண்டு கிளிப்பை உடைத்தான். காலாவதியான ஏ.டி.எம். கார்டு போதும், அதை இடுக்கில் விட்டு மெதுவாக ஓட்டுங்கள். சில மாடல்களில் கீபோர்டை எடுத்தால்தான் ரேம் தெரியும். அதன் அடியில் நாடா போல ஒரு கேபிள் இருக்கும், இழுத்தால் கிழிந்துவிடும்.

உங்கள் மாடல் பெயரைப் போட்டு யூடியூபில் தேடினால் திறக்கும் வீடியோ பெரும்பாலும் கிடைக்கும். முழுதாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. ரேமின் ஸ்டிக்கரை எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள்

இரண்டாவது தடவை கீழே போனபோது, அந்த 4 ஜி.பி.யைத் திருப்பிக் கொடுத்து 8 ஜி.பி.யாக வாங்கினேன். "டி.டி.ஆர்.3 லேப்டாப் ரேம்" என்று கேட்டேன், அதையே கொடுத்தார்கள். மாட்டினால் அழகாகப் பொருந்தியது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. லேப்டாப்பே போய்விட்டது என்று அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. காலையில் பழைய ரேமைத் திரும்ப மாட்டியதும் உயிர் வந்தது.

அதற்குப் பிறகுதான் மழை, மண்சரிவு, ஒன்பது நாள். மூன்றாம் தடவை போனபோது கடைக்காரத் தம்பி ரேமைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எல் இல்லீங்கக்கா. உங்களுக்கு எல் வேணும்."

அந்த எல்தான் விஷயம். டி.டி.ஆர்.3 ஓடுவது 1.5 வோல்ட்டில், டி.டி.ஆர்.3எல் ஓடுவது 1.35 வோல்ட்டில். இரண்டுக்கும் 204 பின், விளிம்பில் இருக்கும் வெட்டுப் பள்ளமும் ஒரே இடத்தில்தான், அதனால் எதை வேண்டுமானாலும் எதிலும் செருக முடியும். எல் ரேமைப் பழைய 1.5 வோல்ட் லேப்டாப்பில் போட்டால் பெரும்பாலும் ஓடும். எல் கேட்கும் லேப்டாப்பில் சாதா டி.டி.ஆர்.3 போட்டால் ஓடாது. சந்தேகம் இருந்தால் எல் வாங்குங்கள். ஸ்டிக்கரில் 'பி.சி.3எல் 12800எஸ்' என்பது போல இருக்கும். 12800 என்றால் 1600 வேகம், 10600 என்றால் 1333.

டி.டி.ஆர்.4க்கு இந்தக் குழப்பம் இல்லை. 1.2 வோல்ட், 260 பின், வெட்டுப் பள்ளமும் வேறு இடத்தில், தவறாகச் செருகவே முடியாது. வேகம் 2133, 2400, 2666, 3200 என்று பலவகை இருக்கும். அதிக வேகம் உள்ளதை வாங்கினால் லேப்டாப் தனக்குத் தெரிந்த வேகத்துக்கு இறக்கி ஓட்டிக்கொள்ளும். ஆறாம் தலைமுறை இன்டெலில் சில மாடல்கள் டி.டி.ஆர்.3எல், சில மாடல்கள் டி.டி.ஆர்.4. அந்தத் தலைமுறைக்காரர்கள் ஊகத்தில் வாங்கவே கூடாது.

ஸ்கூலில் கொடுத்த அரசு லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து வருபவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். பல வருஷங்களாகப் பல மாடல் கொடுத்திருப்பதால் ஒரே பதில் சொல்ல முடியாது. செலரான், பென்டியம் போட்ட சில மாடல்களில் 8 ஜி.பி.க்கு மேல் ஏறாது. பிராசசர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் 'மேக்ஸ் மெமரி' என்ற வரியைப் பாருங்கள்.

ஸ்டிக்கரைப் போனில் நன்றாகப் படம் எடுங்கள். முடிந்தால் பழைய ரேமையே ஒரு பேப்பர் கவரில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். வாயால் விளக்குவதைவிட அதைக் கையில் கொடுப்பது நூறு மடங்கு நல்லது.

4. எஸ்.எஸ்.டி: எந்த வகை, எவ்வளவு

உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்த லேப்டாப் என்றால் 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. (சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க் செருகும் அதே இணைப்பு) கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும். அதன் தடிமன் 7 மில்லிமீட்டர். சில பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் இருக்கும், அந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. லொடலொடவென்று ஆடும். சில பெட்டிகளில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் கொடுப்பார்கள், அதை ஒட்டிக்கொள்ளலாம்.

2015க்குப் பிந்திய சில லேப்டாப்களில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டும் இருக்கும். பார்க்கச் சூயிங்கம் பட்டை போல இருக்கும் கார்டு அதில் போகும். இங்கே ஒரு பொறி: எம்.2 என்பது உருவத்தின் பெயர்தான். அதே உருவத்தில் சாட்டாவும் வரும், அதைவிட வேகமான வேறு வகை இணைப்பான என்.வி.எம்.இ.யும் வரும். பழைய ஸ்லாட்டுகள் பல சாட்டாவை மட்டும் ஏற்கும். என்.வி.எம்.இ. வாங்கிப் போட்டால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். உங்கள் மாடலின் கையேட்டில் தெளிவாக இல்லை என்றால் 2.5 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. வரை படிக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் 100 பக்கம்தான். கணக்கு எழுத அது தாராளம்.

அளவு? நான் 500 ஜி.பி. வாங்கினேன். போட்டோ, வீடியோ சேர்த்து வைக்காதவர்களுக்கு 240ம் போதும், ஆனால் நான் வாங்கிய 2023ல் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. 500 ஜி.பி. போட்டுவிட்டு விண்டோஸில் பார்த்தால் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனியும் விண்டோஸும் எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான். ஆனால் 2 டி.பி. எஸ்.எஸ்.டி. ஆயிரம் ரூபாய் என்று போனில் விளம்பரம் வருகிறதே, அது ஏமாற்றுவேலை. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்துக்கொண்டு 2 டி.பி. என்று பொய் சொல்லும், நிரம்பியதும் பழைய கோப்பை அழித்துவிட்டு எழுதும்.

5. செலவு

2023 நவம்பரில் நான் கொடுத்தது: 8 ஜி.பி. டி.டி.ஆர்.3எல் ரேம் 1,350, 500 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. 2,800, பழைய டிஸ்க்கைப் போட யூ.எஸ்.பி. கேஸ் 400, ஸ்க்ரூடிரைவர் செட் 250. மொத்தம் 4,800. மூன்று தடவை போய்வந்த செலவு தனி, அதை நீங்கள் மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விலையை இப்போது கடையில் சொன்னால் சிரிப்பார்கள். ஏ.ஐ. சர்வர்களுக்காக மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டதால் 2025 கடைசியில் இருந்து ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. குரூஷியல் என்ற பெயரில் நம் மாதிரி ஆட்களுக்கு விற்பதை நிறுத்தப்போவதாக மைக்ரான் கம்பெனியே 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் போன் செய்து அன்றைய விலையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரேம் மட்டும் பழையது வாங்கலாம், அதில் தேய்மானம் என்று ஒன்று கிடையாது. கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு மாத உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. பழையது வேண்டவே வேண்டாம், அது எழுத எழுதத் தேயும் பொருள்.

உள்ளூர்க் கடையில் மாட்டித்தர என்னிடம் 500 கேட்டார்கள். பயமாக இருந்தால் கொடுத்துவிடலாம், தப்பில்லை.

6. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்களும் கடவுச்சொற்களும்

டிஸ்க்கைத் தொடுவதற்கு முதல்நாளே இவற்றை முடித்துவிடுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' போட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு நோட்டில் கையால் எழுதி வையுங்கள், லேப்டாப்பிலேயே சேமித்து வைத்துப் பயனில்லை. என்கிரிப்ஷனை நிறுத்திவிட்டு க்ளோன் செய்வது இன்னும் நல்லது, நிறுத்தி முடிக்க சில மணி நேரம் பிடிக்கும்.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் 8 அல்லது 10 என்றால் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும், டிஸ்க் மாறினாலும் இணையத்தில் சேர்ந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். டேலி அப்படியல்ல. பழைய டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள், புதிய டிஸ்க்கில் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். மறந்துவிட்டு டிஸ்க்கை மாற்றிவிட்டால் அது வேறு கம்ப்யூட்டர் என்று சொல்லி உட்கார்ந்துகொள்ளும், அதுவும் மாதக் கடைசியில் விவசாயிகளுக்குப் பணம் போட வேண்டிய நாளில். டேட்டா பேக்அப் தனி, லைசென்ஸ் தனி. இரண்டும் வேண்டும்.

வாங்கியதும் ஜி.எஸ்.டி. பில், பெட்டி, ரேமிலும் எஸ்.எஸ்.டி.யிலும் உள்ள வரிசை எண் மூன்றையும் போட்டோ எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். எஸ்.எஸ்.டி.க்கு மூன்று அல்லது ஐந்து வருஷ வாரண்டி இருக்கும், பில் இல்லாவிட்டால் பேச்சே இல்லை. கடையில் கொடுக்கும் வழவழ பேப்பர் பில் ஒரு மழைக்காலத்தில் வெளுத்துப் போகும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரமாகவே. "பில் போட்டா 18 பர்சென்ட் சேரும், வேணுமா?" என்று கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

7. வாங்கும் நாள்

ஊட்டியிலும் குன்னூரிலும் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. எஸ்.எஸ்.டி. அங்கேயே கிடைத்துவிடும், முதலில் அங்கே கேளுங்கள். டி.டி.ஆர்.3எல் போன்ற பழைய சரக்குக்குத்தான் கோயம்புத்தூரில் காந்திபுரம் பக்கம் தேட வேண்டி வந்தது. போவதற்கு முன் போன் செய்து, ஸ்டிக்கர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே இருக்கா, தவறானால் எத்தனை நாளுக்குள் மாற்றுவீர்கள்" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் இரண்டு தடவை மாற்ற முடிந்தது ஸ்டிக்கரைக் கிழிக்காததால்தான்.

ஏப்ரல், மே சீசனில் போகாதீர்கள். சுற்றுலா வண்டிகளை குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், ஒரு நாளில் போய் வருவதே பாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கம் மழை, கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூன், ஜூலை. கோவையில் இருக்கும் சொந்தக்காரரிடம் வாங்கி வரச் சொல்வதும் உண்டு. அவர் சொந்தக் காரில் வருகிறார் என்றால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க நினைவூட்டுங்கள், பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

ஆன்லைனில் வாங்கினால் பின்கோடைப் போட்டு, எத்தனை நாளில் வரும், திருப்பி எடுக்க ஆள் வருவார்களா என்று இரண்டையும் பாருங்கள். வருவது வந்துவிடும், திருப்பி எடுக்கத்தான் சில ஊர்களுக்கு ஆள் வருவதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

8. க்ளோனா, புதிதாகப் போடுவதா

க்ளோன் என்றால் பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி எடுப்பது. எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி. கேஸில் போட்டு லேப்டாப்பில் செருகி, மென்பொருளை ஓட்ட வேண்டும். பெரிய எஸ்.எஸ்.டி. கம்பெனிகள் பல தங்கள் பொருளுக்கு இலவச க்ளோன் மென்பொருள் தருகின்றன, அதையே பயன்படுத்துங்கள். க்ளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளும் நல்லதுதான், ஆனால் 1 டி.பி.யில் இருந்து 500 ஜி.பி.க்கு, அதாவது பெரியதில் இருந்து சின்னதற்கு, அது சாதாரணமாகச் செய்யாது. எதில் செய்தாலும் பழைய டிஸ்க்கில் நிரம்பியிருப்பது புதியதன் கொள்ளளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எனக்கு 180 ஜி.பி. இருந்தது, ஒன்றரை மணி நேரம் ஆனது. நீல நிற யூ.எஸ்.பி. 3 ஓட்டையில் செருகுங்கள், கறுப்பு ஓட்டையில் செருகினால் நேரம் இரண்டு மூன்று மடங்காகும்.

கரண்ட் விஷயம். பழைய லேப்டாப் என்றால் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. நடுவில் கரண்ட் போனால் க்ளோன் பாழ், மறுபடி முதலில் இருந்து. மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் ராத்திரி வரைக்கும் வராது. இ.பி.யின் மாதப் பராமரிப்பு நாள் எது என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிடுங்கள். நான் இன்வெர்ட்டர் இருக்கும் ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்து முடித்தேன்.

புதிதாகப் போடுவது என்றால் 8 ஜி.பி. பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு விண்டோஸை ஏற்றி, எஸ்.எஸ்.டி.யில் நிறுவ வேண்டும். பல வருஷக் குப்பை இல்லாமல் சுத்தமாக ஓடும், ஆனால் பிரிண்டர், டேலி, தமிழ் கீபோர்டு எல்லாவற்றையும் மறுபடி போட ஒரு முழு நாள் வேண்டும். டிஸ்க் 'காஷன்' காட்டியவர்களுக்கு இதுதான் ஒரே வழி.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. வீட்டு உபயோகத்துக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். பிரவுசரும் மெயிலும் மட்டும் போதும் என்பவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், என் அக்கா வீட்டில் அதுதான் ஓடுகிறது. டேலிக்காரர்களுக்கு அது ஒத்துவராது.

9. மாட்டுவது

முதலில் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று காய்ந்து கிடக்கும், கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போதே படபடவென்று பொறி பறக்கும், அந்தப் பொறி ஒரு ரேமைக் கொல்லப் போதும். கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ ஒரு தடவை தொட்டுவிட்டு உட்காருங்கள். கம்பளி விரித்த கட்டிலில் வேண்டாம், மர மேஜை நல்லது. மழைக்காலம் என்றால் இதற்கு நேர்மாறான தொல்லை: குளிரில் வந்த பார்சலை அடுப்படிச் சூட்டில் பிரித்தால் உள்ளே வேர்க்கும். அறையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டுப் பிரியுங்கள். ஹீட்டர் முன்னால் காட்டிச் சூடாக்காதீர்கள்.

ரேம்: இரண்டு பக்கமும் உள்ள கிளிப்பை வெளிப்புறமாக விலக்கினால் பழையது தானே சாய்ந்து எழும். புதியதை ஓரத்தில் பிடித்து, வெட்டைப் பொருத்தி, சாய்வாக முழுதும் உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். தங்க நிறக் கோடு நிறைய வெளியே தெரிந்தால் சரியாக உள்ளே போகவில்லை. புதிதாக மாட்டியும் திரை வராத கேஸ்களில் முக்கால்வாசி இதுதான்.

டிஸ்க்: பழையதைச் சுற்றியிருக்கும் தகரச் சட்டத்தைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யில் மாட்டி, அதே இடத்தில் நேராகத் தள்ளுங்கள். மூடி திறந்திருக்கும்போதே ஃபேனில் இருக்கும் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

10. முதல் ஸ்டார்ட்

எல்லா ஸ்க்ரூவையும் முடுக்குவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். க்ளோன் செய்தவர்கள் பழைய டிஸ்க்கை யூ.எஸ்.பி.யில் செருகி வைக்காதீர்கள், இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் விண்டோஸ் குழம்பும். ரேம் மாறிய பிறகு முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம், ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்கு மேலும் வரவில்லை என்றால் ரேமை எடுத்து, பென்சில் ரப்பரால் தங்கக் கோட்டை மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மறுபடி மாட்டுங்கள்.

'டிஸ்க் இல்லை' என்று வந்தால் லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்2 அல்லது உங்கள் மாடலுக்குரிய பட்டனை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ்) போய் எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் எதில் இருந்து தொடங்குவது என்று சொல்லும் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். தெரியாவிட்டால் கேபிள் சரியாக உட்காரவில்லை.

ஓடியதும் ஸ்டார்ட்டில் 'மெமரி' என்று தட்டினால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் வரும். ராத்திரி அதை ஓட விட்டுத் தூங்கப் போங்கள். கெட்ட ரேம் என்றால் மாற்றும் கெடுவுக்குள்ளேயே தெரிந்துவிடும். எஸ்.எஸ்.டி.யை டீஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்குவது) செய்யக் கடைகளில் சிலர் இன்னும் சொல்கிறார்கள், தேவையே இல்லை, விண்டோஸ் அதற்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும்.

எனக்கு நாலரை நிமிடமாக இருந்த ஸ்டார்ட் இருபது நொடிப் பக்கம் வந்தது. டீ ஆறிப்போவதற்குள் இப்போது டேலி திறந்துவிடுகிறது.

11. பழைய டிஸ்க்கும் பழைய ரேமும்

டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் அப்படியே வையுங்கள். ஏதாவது ஒரு கோப்பு விட்டுப்போனது பதினைந்து நாள் கழித்துத்தான் நினைவுக்கு வரும். பிறகு யூ.எஸ்.பி. கேஸில் போட்டு பேக்அப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. காயலான் கடைக்கு மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். என்னுடையதில் இருநூறு விவசாயிகளின் பேங்க் கணக்கு எண்ணும் ஆதார் நகலும் இருந்தன. சாதா ஃபார்மேட் போதாது, 'குயிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள், 1 டி.பி.க்கு சில மணி நேரம் பிடிக்கும். ஓடாத டிஸ்க் என்றால் ஆணி வைத்துச் சுத்தியலால் இரண்டு இடத்தில் ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள், கண்ணாடித் தட்டாக இருந்தால் உள்ளே நொறுங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய 4 ஜி.பி. ரேமை யாருக்கும் கொடுக்காதீர்கள். புதியது வாரண்டிக்குள் கெட்டால் அதை அனுப்பி, மாற்றி வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மெதுவாகவாவது ஓட இந்த 4 ஜி.பி.தான் இருக்கிறது. என்னுடையது புது ரேம் வந்த அதே பிளாஸ்டிக் உறையில், பில்லோடு சேர்த்து, பீரோவில் இருக்கிறது.